கூடை கப்பலேறும் முன்னே

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. தப்பு வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். "நம்ம பனை ஓலைக் கூடை வெளிநாட்டுக்குப் போகுதே, அதை எப்படிக் கட்டி அனுப்புறீங்கன்னு மத்த ஊர்க் குழுக்களுக்கும் சொல்லு" என்று தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதோடு, மூன்று வருஷமாக மனசில் கிடக்கிற ஒரு விஷயத்தையும் சொல்லப் போகிறேன். அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் பாதிப் பேச்சு ஆகிவிடும்.

நாங்கள் சாயல்குடி பக்கம். எங்கள் ஊரில் மழை குறைவு, பனை அதிகம். எங்க அப்பத்தா காலத்தில் கடகம், கொட்டான், நார்ப்பெட்டி, சுளகு எல்லாம் வீட்டுக்குத்தான் பின்னுவார்கள். கருப்பட்டி போட்டு வைக்கவும், கல்யாணச் சீர் கொண்டுபோகவும் ஓலைப்பெட்டிதான். பிறகு பிளாஸ்டிக் வந்தது, பெட்டி போனது. குழு வந்த பிறகுதான் திரும்பவும் கையில் ஓலையை எடுத்தோம். எங்கள் ஊராட்சியில் 26 பேர் பின்னுகிறோம்.

2022-ல் ஒரு ஏற்றுமதியாளர் மூலமாக எங்களுக்கு முதல் ஆர்டர் வந்தது. பெரிசு, நடு, சிறிசு என்று மூன்று கூடை சேர்ந்தது ஒரு செட். மொத்தம் 400 செட். செட்டுக்கு 250 ரூபாய், ஆக மொத்தம் ஒரு லட்சம். முன்பணம் 40,000 கொடுத்தார்கள். எங்கள் ஊரில் யாரும் ஒரு லட்ச ரூபாய்க்குக் கூடை விற்றது கிடையாது. அன்றைக்குக் குழுக் கூட்டத்தில் கேசரி கிண்டினோம்.

பின்னுகிறவர்களுக்குக் கூடைக்கு இவ்வளவு என்று கூலி போட்டோம். ஓலை கொண்டு வருகிறவருக்கு, சாயம் போடுகிறவருக்குக் கூலி போட்டோம். பெட்டியில் கட்டுகிற வேலைக்கு மட்டும் யாரும் கூலி பேசவில்லை. "அது என்ன, கடைசில எல்லாரும் சேர்ந்து ஒரு ராத்திரி உட்கார்ந்து கட்டிட வேண்டியதுதானே" என்றார்கள். எனக்குக் கொஞ்சம் எழுதத் தெரியும் என்பதால் கட்டுகிற வேலையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். நானும் சரி என்றேன்.

ஆர்டரை முடித்தபோது அக்டோபர் மாதம் ஆகிவிட்டது. நம் பக்கத்தில் அடைமழை தொடங்குகிற மாதம். ஓலை வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், காய்ந்த ஓலையை அப்படியே பின்ன முடியாது, ஒடிந்துவிடும். தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்து, பதம் வந்த பிறகுதான் பின்ன வேண்டும். பின்னி முடித்த கூடையைத் திரும்பவும் காயவைக்க வேண்டும். வெயில் அடிக்கிற மாதத்தில் அது தானாக நடந்துவிடும். மழை மாதத்தில் நடக்காது. இது எங்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அவசரத்தில் மறந்தோம்.

லாரி விடியக்காலை ஐந்து மணிக்கு வருகிறது. ராத்திரி சமுதாயக் கூடத்தில் நாங்கள் எட்டுப் பேர் உட்கார்ந்து கட்டுகிறோம். வெளியே தூறல். நூறு பெட்டியில் அறுபது பெட்டி முடிந்திருக்கும். கடைசியாக வந்த கூடையில் ஒன்றை எடுத்து அடியில் கை வைத்தேன். குளுகுளு என்று இருந்தது. கருவாடு காயவைக்கிறோம், வத்தல் போடுகிறோம், மிளகாய் காயவைக்கிறோம். காய்ந்த பொருள் எப்படி இருக்கும், காயாத பொருள் எப்படி இருக்கும் என்று நம் கைக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்தது. அந்தக் கூடை காயவில்லை.

ஆனால் நான் சொல்லவில்லை. சொன்னால் லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும், வாடகை போகும், எல்லாரும் என்னை ஏசுவார்கள் என்று பயந்தேன். "நான் கட்டுறவதானே, பின்னுனவங்களுக்குத் தெரியாததா" என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கூடையைப் பாலித்தீன் பையில் போட்டு, டேப் ஒட்டி, பெட்டியை மூடினேன். அந்த மாதிரி 37 பெட்டி மூடினோம்.

டிசம்பரில் ஏற்றுமதியாளர் போனில் படம் அனுப்பினார். கூடை முழுக்கக் கறுப்புப் புள்ளி, சிலதில் பச்சை. பூஞ்சணம். அந்த நாட்டில் வாங்குகிறவர் ஏற்கவில்லை. எங்களுக்கு வரவேண்டிய பாக்கி 60,000-ல் 38,000 ரூபாயைப் பிடித்துவிட்டு 22,000 கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் மாதிரி நஷ்டம். பெரிய கம்பெனிக்கு அது தூசி. நமக்கு அது பொங்கலுக்குப் பிள்ளைகளுக்கு எடுக்கிற துணி.

அதைவிட மோசமாக ஒன்று நடந்தது. "யார் கொண்டு வந்த ஓலை சரியில்லை?" என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. எங்களுக்குக் குருத்தோலை கொண்டு வந்து கொடுத்தது எங்கள் குழுவிலேயே வயதில் மூத்த ஒரு அத்தை. புருஷன் இல்லாதவர். "பழைய ஓலையைத் தலையில கட்டிட்டாக" என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி ஆமாம் போட்டாள். அத்தை ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் கூட்டத்துக்கு வரவில்லை. சேமிப்புப் பணத்தை மட்டும் பேத்தியிடம் கொடுத்து அனுப்புவார்.

ஓலைமேல் தப்பு இல்லை, காயாததைத் தெரிந்தே நான்தான் மூடினேன் என்று அந்தக் கூட்டத்தில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் இன்றைக்குத்தான் சொல்கிறேன்.

அடுத்த வருஷம் கோடையில் எங்களில் ஆறு பேரைத் தூத்துக்குடிக்குப் பயிற்சிக்கு அழைத்துப் போனார்கள். துறைமுகத்துக்குப் போகிற சரக்கைச் சேர்த்துக் கண்டெய்னரில் ஏற்றுகிற கிடங்கு ஒன்றைக் காட்டினார்கள். லாரியில் போகும்போது பார்த்திருக்கிறோமே, அந்த இரும்புப் பெட்டிதான். உள்ளே போனால் ஒரு வீட்டு அறை மாதிரி இருக்கிறது. 20 அடிப் பெட்டிக்குள் ஏறக்குறைய 33 கன மீட்டர் இடம். அங்கே வேலை பார்க்கிற ஒருத்தர் எங்களில் இரண்டு பேரை உள்ளே நிற்கச் சொல்லி, கதவைச் சாத்தினார். எங்களுக்குத் திக்கென்று இருந்தது. "அம்மா, பயப்படாதீங்க. எங்கயாவது ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியுதான்னு பாருங்க. தெரிஞ்சா அந்த வழியா மழைத்தண்ணியும் கடல் தண்ணியும் உள்ள வரும். அந்தப் பெட்டியில சரக்கு ஏத்தக் கூடாது" என்றார்.

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். ஓட்டையே இல்லாத பெட்டிக்குள்ளும் மழை பெய்யும் என்றார். நாங்கள் சிரித்தோம். இட்லிச் சட்டி மூடியைத் திறந்தால் உள்பக்கம் தண்ணீர் கோத்து நிற்கிறது இல்லையா, அது மாதிரிதான். பகலில் வெயிலில் இரும்பு கொதிக்கிறது. உள்ளே இருக்கிற சரக்கில், அட்டையில், மரப்பலகையில் உள்ள ஈரமெல்லாம் ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ராத்திரியில், இல்லாவிட்டால் கப்பல் குளிர் நாட்டுப் பக்கம் போகும்போது, இரும்பு குளிர்கிறது. ஆவி கூரையில் தண்ணீராகச் சேர்ந்து சொட்டுச் சொட்டாகச் சரக்குமேல் விழுகிறது. அட்டைப்பெட்டி நனைந்து பலம் இழந்து, அடியில் இருக்கிறது நசுங்குகிறது. கூடையில் பூஞ்சணம் பூக்கிறது.

தூத்துக்குடியில் ஏறுகிற சரக்கு பெரும்பாலும் சின்னக் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா போகிறது. வழியில் காத்துக் கிடக்கிற நாளும் உண்டு. 2023 கடைசியில் இருந்து செங்கடலில் கப்பல்களைத் தாக்கியதால், பல கப்பல்கள் அந்த வழியை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதலாக ஆனது. அத்தனை நாளும் நம் கூடை அந்த இட்லிச் சட்டிக்குள்தான் இருக்கிறது. நடுவில் யாரும் திறந்து காற்றாட விடப்போவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், நாம் பெட்டியை மூடுகிற நேரத்தில் கூடை எப்படி இருக்கிறதோ, அதுதான் அதன் தலையெழுத்து.

அந்தப் பயிற்சி முடிந்து ஊருக்கு வந்த மறுநாள் நான் அத்தை வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்து ஈர்க்கு கிழித்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஓலையத் தொட்டா எனக்குத் தெரியும் தாயி. மூடுறவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்னு அன்னைக்கே நினைச்சேன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால்கூட எனக்கு லேசாக இருந்திருக்கும். அடுத்த கூட்டத்தில் 26 பேர் முன்னாலும் நான் சொன்னேன். அத்தையைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தோம். இப்போது கூடை காய்ந்ததா இல்லையா என்று பார்க்கிற வேலை அவரிடம்தான். அதோ, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

இனி நாங்கள் எப்படிக் கட்டுகிறோம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். ஓலைக்கூடை மட்டும் இல்லை, கோரைப்பாய், தென்னை நார், வாழைநார், துணிப்பை எது செய்தாலும் இதில் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

முதலாவது, ஈரம். பின்னி முடித்த கூடையை வெயிலில் காயவைத்து, பிறகு நிழலில் காற்றோட்டமாக வைக்கிறோம். சுடச்சுட எடுத்துப் பெட்டியில் போடக்கூடாது. சூடு ஆறிய பிறகுதான் போட வேண்டும். ஈரம் பார்க்க இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவி இருக்கிறது. கூடையில் குத்தினால் எண் காட்டும். பன்னிரண்டுக்கு மேல் காட்டினால் அது திரும்ப வெயிலுக்குப் போகும், இது நாங்களே போட்டுக்கொண்ட விதி. ஆனால் கருவிக்கு முன்னால் அத்தை கை பார்க்கும். அடிப்பக்கமும் வாய்க்கட்டும்தான் கடைசியில் காயும், அங்கேதான் தொட்டுப் பார்க்க வேண்டும். கூடியவரைக்கும் ஆவணி முடிவதற்குள் சரக்கை அனுப்பிவிடுகிற மாதிரி ஆர்டர் பேசுகிறோம். மழை மாதத்தில் அவசர ஆர்டர் வந்தால் முடியாது என்று சொல்லப் பழகிவிட்டோம்.

பாலித்தீன் பையில் போட்டு இறுக்கி ஒட்டினது எங்கள் அடுத்த தப்பு. ஈரம் வெளியே போக வழியே இல்லாமல் அடைத்துவிட்டோம். இப்போது மையில்லாத வெள்ளைத்தாள் அல்லது பழுப்புத்தாள் சுற்றுகிறோம். பழைய பேப்பர் கூடாது, அச்சு மை கூடையில் ஒட்டும். ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பொட்டலம் பெட்டிக்குள் போடுகிறோம். நீல நிறத்தில் இருக்கிற ஜெல்லில் கோபால்ட் சேர்ப்பார்கள். வெள்ளை ஜெல் வாங்குங்கள். கடையில் "பூஞ்சணம் வராத பவுடர் பாக்கெட்" என்று எதைக் கொடுத்தாலும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள். டைமெத்தில் ஃபூமரேட் என்ற மருந்து போட்ட பாக்கெட்டால் மேலெல்லாம் புண் வந்து, 2009-ல் ஐரோப்பிய யூனியன் அந்த மருந்து இருக்கிற பொருளையே தடை செய்துவிட்டது. உள்ளே என்ன மருந்து என்று கேட்டு, வாங்குகிறவருக்கும் எழுதிச் சொல்லி, அவர் சரி என்றால்தான் போட வேண்டும்.

இரண்டாவது, சுத்தம். கட்டுகிற இடத்தில் தரையில் விரிப்பு விரித்து, தலைமுடியைத் துணியால் கட்டிக்கொண்டு உட்காருகிறோம். தலையில் பூ வைத்துக்கொண்டு கட்ட உட்காரக்கூடாது. சிரிக்காதீர்கள். ஒருதடவை மாதிரிக் கூடைக்குள் ஒரு மல்லிகைப்பூ வாடிப்போய் இருந்தது என்று கேள்வி வந்தது. நமக்குப் பூ, அவர்களுக்கு அது அழுகின செடி. பல்லி முட்டை, எறும்பு, முடி, உடைந்த வளையல் துண்டு எதுவும் இருக்கக்கூடாது. ஊசி, கத்தரிக்கோல் எத்தனை எடுத்தோமோ அத்தனையையும் எண்ணித் திரும்ப வைக்கிறோம்.

வைக்கோல் வைத்துக் கட்டலாமா என்று ஒரு அக்கா கேட்டாங்க. நம் ஊரில் பானை, சட்டியெல்லாம் வைக்கோல் வைத்துத்தான் வண்டியில் ஏற்றுவோம். வெளிநாட்டுக்கு அது ஆகாது. ஆஸ்திரேலியா மாதிரி நாடுகளில் வைக்கோல் வைத்துக் கட்டிய பெட்டியை உள்ளேயே விடமாட்டார்கள். அதில் பூச்சியும் விதையும் போய்விடும் என்று பயம். மரப்பலகை, மரப்பெட்டி வைத்தாலும் சட்டம் இருக்கிறது. பலகையின் நடுப்பாகம் வரைக்கும் 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் இருக்கிற மாதிரிச் சூடாக்கி, கோதுமைக்கதிர் போட்ட முத்திரை குத்தியிருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகை ஒன்று இருந்தாலும் சரக்கு முழுக்க நின்றுபோகலாம். அதனால் நாங்கள் மரமே சேர்ப்பதில்லை.

மூன்றாவது, அடுக்குகிற விதம். கப்பல் வாடகையைக் கிலோவுக்கு மட்டும் போடுவார்கள் என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை. கண்டெய்னர் நிறையாத சின்னச் சரக்குக்கு, எத்தனை கன மீட்டர், எத்தனை டன் என்று இரண்டும் பார்த்து, எது கூடுதலோ அதற்கு வாடகை. கூடை எடையே இல்லாத பொருள், ஆனால் இடம் அடைக்கும். எங்கள் பெட்டி 60 சென்டிமீட்டர் நீளம், 60 அகலம், 45 உயரம். பெருக்கினால் ஒரு பெட்டி 0.162 கன மீட்டர். முதல் தடவை பெரிசு, நடு, சிறிசைத் தனித்தனியாக அடுக்கி 100 பெட்டி ஆக்கினோம். மொத்தம் 16.2 கன மீட்டர். இப்போது ஒன்றுக்குள் ஒன்றாக வைத்து, பெட்டிக்கு 8 செட் போட்டால் அதே 400 செட் 50 பெட்டியில் முடிகிறது, 8.1 கன மீட்டர்தான். அதே கூடை, அதே கூலி, பாதி இடம். முதல் தடவை பாதிப் பெட்டிக்குக் காற்றைத்தான் கட்டி அனுப்பியிருக்கிறோம். காற்றுக்கும் வாடகை உண்டு சகோதரிகளே.

ஒன்றுக்குள் ஒன்று வைக்கும்போது இறுக்கித் திணிக்கக்கூடாது, வாய்க்கட்டு விரிந்துவிடும். நடுவில் தாள் வைத்து, கை போய் வருகிற அளவுக்கு இடம் விட வேண்டும். அதற்காகப் பின்னும்போதே அளவுச் சட்டம் வைத்துப் பின்னுகிறோம். கட்டுகிற வேலை பின்னுகிற நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று இதனால்தான் சொல்கிறேன்.

நான்காவது, அட்டைப்பெட்டி. மளிகைக் கடைப் பழைய பெட்டி ஆகாது. அது ஒருதடவை நசுங்கி எழுந்தது, அதற்குப் பலம் கிடையாது. நாங்கள் ஐந்தடுக்கு அட்டை வாங்குகிறோம். மூன்று தட்டைத் தாள், அதற்கு நடுவே இரண்டு நெளித்தாள், ஆக ஐந்து. பெட்டிக்குப் பலம் மூலையில்தான், வீட்டுக்குத் தூண் மாதிரி. ஒன்றின் மேல் ஒன்று வைக்கும்போது மூலைமேல் மூலை நேராக வர வேண்டும். செங்கல் கட்டுகிற மாதிரி மாற்றி மாற்றி வைத்தால் நடுவில் அமுங்கிவிடும். அடியிலும் மேலேயும் அகல டேப்பை நடுவில் ஒன்று, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று என்று ஒட்டுகிறோம். ஒரு பெட்டியை ஒரு பெண் தனியாகத் தூக்கும்படி இருக்க வேண்டும். 15 கிலோவுக்கு மேல் நாங்கள் போடுவதில்லை.

ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பெட்டியை நாங்களே கீழே போட்டுப் பார்க்கிறோம். இடுப்பளவு உயரத்தில் இருந்து, 76 சென்டிமீட்டர். முதலில் ஒரு மூலை, பிறகு மூன்று ஓரம், பிறகு ஆறு பக்கம், மொத்தம் 10 தடவை. பிரித்துப் பார்த்து உள்ளே கூடை சரியாக இருந்தால்தான் மற்றதைக் கட்டுவோம். கஷ்டப்பட்டுப் பின்னினதைக் கீழே போடுகிறோமே என்று முதலில் மனசு கேட்கவில்லை. வழியில் யாரோ போடத்தான் போகிறார்கள். நம் கண் முன்னால் நாமே போட்டுப் பார்ப்பது நல்லது.

ஐந்தாவது, எழுத்து. பெட்டிமேல் வாங்குகிறவர் அடையாளம், இத்தனையில் இது எத்தனையாவது பெட்டி, உள்ளே என்ன, எத்தனை, மொத்த எடை, நிகர எடை, இந்தியாவில் செய்தது என்று ஒரே மாதிரி எழுத வேண்டும். மேலே பார்த்த அம்புக்குறி, நனையக்கூடாது என்பதற்குக் குடைப் படம். இந்தப் படத்துக்கு மொழி வேண்டாம், எந்த ஊர்த் துறைமுகத்தில் சுமை தூக்குகிறவருக்கும் புரியும். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவேதான் பேக்கிங் லிஸ்டிலும் இருக்க வேண்டும். பதினேழாம் நம்பர் பெட்டியில் 8 செட் என்று எழுதிவிட்டு உள்ளே 7 இருந்தால், சுங்கத்தில் திறந்து பார்த்தால் எல்லாப் பெட்டிமேலும் சந்தேகம் வரும். அதனால் ஒருத்தி எண்ணிப் போட, ஒருத்தி எழுத, மூன்றாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறாள். எடையைக் கண்ணால் மதிப்பிடுவதில்லை, தராசில் வைத்துத்தான் எழுதுகிறோம்.

தாள் வேலையை இப்போது வரைக்கும் ஏற்றுமதியாளரும் சுங்க முகவரும்தான் பார்க்கிறார்கள். ஆனாலும் பேர் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுங்கத்துக்குக் கொடுக்கிற ஷிப்பிங் பில், கப்பல் கம்பெனி கொடுக்கிற பில் ஆஃப் லேடிங். நம் ஓலைக்கூடைக்கு உலகம் முழுக்க ஒரே குறியீட்டு எண் தலைப்பு, 4602. சில நாட்டுக்குச் செடிகொடிப் பொருளில் பூச்சி இல்லை என்ற சான்றிதழும் கேட்பார்கள், ஆர்டர் பேசும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். நாமே நேரடியாக அனுப்ப வேண்டும் என்றால் ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடு வேண்டும். இப்போது பான் எண்ணேதான் அந்த எண். கட்டணம் 500 ரூபாய். வருஷா வருஷம் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரத்தைப் புதுப்பிக்காவிட்டால் முடக்கிவிடுவார்கள். சின்னப் பார்சலாக அனுப்ப நினைக்கிறவர்களுக்கு அஞ்சல் துறையே டாக் கர் நிர்யாத் கேந்திரா என்று மையங்கள் வைத்திருக்கிறது. கப்பலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் தபாலில் தொடங்கலாம்.

ஆறாவதுதான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. கூலி. 2023-ல் அடுத்த ஆர்டர் வந்தபோது குழுவில் தீர்மானம் போட்டோம். கட்டுகிற வேலைக்குப் பெட்டிக்கு 40 ரூபாய். 50 பெட்டிக்கு 2,000 ரூபாய். செட்டுக்குப் பார்த்தால் 5 ரூபாய்தான். "சும்மா கட்டுற வேலைக்கு எதுக்குக் காசு" என்று அன்றைக்கும் ஒரு மதினி கேட்டாங்க. இரண்டாயிரத்தை மிச்சம் பிடிக்கப் போய் முப்பத்தெட்டாயிரத்தை விட்டோமே மதினி என்றேன். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

கூலி கொடுத்தால் மட்டும் போதாது என்று இன்னொரு வரியும் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம். கட்டுகிறவள் ஒரு பொருளைக் கையில் எடுத்து, இது சரியில்லை, நிறுத்துங்கள் என்று சொன்னால், லாரி வாசலில் நின்றாலும் நிறுத்த வேண்டும். ஏன் சொன்னாய் என்று யாரும் அவளை ஏசக்கூடாது. அன்றைக்கு ராத்திரி எனக்கு இந்த வரி இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருப்பேன். திறந்திருக்க வேண்டும் என்பது வேறு, ஆனால் எல்லாருக்கும் அந்தத் தைரியம் இருக்காது. விதி இருந்தால் பயந்தவளும் பேசுவாள்.

அதற்குப் பிறகு மூன்று தடவை சரக்கு அனுப்பியிருக்கிறோம். ஒரு பெட்டிகூடத் திரும்பவில்லை. போன வருஷம் ஒரு தடவை ஒன்பது கூடையைப் பார்த்து அத்தை நிறுத்தச் சொன்னார். லாரி அரைநாள் நின்றது. காத்திருப்புக் கூலி 800 ரூபாய் கொடுத்தோம். கொடுக்கும்போது யாருக்கும் முகம் சுருங்கவில்லை.

நம் வீட்டிலும் இப்படித்தானே? நெல் விளைவித்தவரைக் கேட்பார்கள், விற்றவரைக் கேட்பார்கள். புடைத்து, கல் பொறுக்கி, மூட்டை கட்டினவளை யாரும் வேலை செய்தவளாக எண்ணுவதில்லை. குழுவிலும் நாமே நம்மை அப்படி எண்ணிவிடக்கூடாது.

கூட்டமைப்புக்கு மூன்று கோரிக்கை வைத்து முடிக்கிறேன். ஒன்று, ஈரம் பார்க்கிற கருவி ஊராட்சிக்கு ஒன்று வாங்கித் தர வேண்டும். இரண்டு, மழை மாதத்துக்கு வட்டாரத்தில் ஒரு சூரிய உலர்த்தியும், தரையில் படாமல் பலகை அடித்த ஒரு கிடங்கும் வேண்டும். மூன்றுக்குக் காசே வேண்டாம். கட்டுகிற வேலைக்குக் கூலி, நிறுத்தச் சொல்ல உரிமை, இந்த இரண்டையும் கூட்டமைப்பின் எல்லாக் குழுவுக்கும் இன்றைக்கே தீர்மானமாகப் போட வேண்டும்.

அத்தை, உங்களை ஒரு கூட்டத்தில் தலைகுனிய வைத்தேன். அதைவிடப் பெரிய கூட்டத்தில் அதைச் சொல்லிவிட்டேன்.